தரவரிசை நூற்று எண்பத்தேழு

நூற்று நாற்பத்தொன்று முதல் நூற்று ஐம்பது வரை மேடைக்கு வரவும் என்று ஒலிபெருக்கியில் குரல் வந்ததும் முன்னால் பத்துக் குடும்பங்கள் ஒரே சமயத்தில் எழுந்தன, நீல நாற்காலிகள் தரையில் கிறீச்சிட்டன, சம்பூர்ணம் மடியிலிருந்த பிளாஸ்டிக் ஃபைலை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மகளுடைய கலந்தாய்வுத் தரவரிசை எண் நூற்று எண்பத்தேழு. இன்னும் முப்பத்தேழு பேர். பத்துப் பேருக்கு அரைமணி ஆகிறது, அப்படியென்றால் மணி ஒன்றேகால், ஒன்றரை ஆகிவிடும், அதற்குள் நடுவில் மேடைக்காரர்கள் சாப்பாட்டுக்கு எழுந்து போய்விட்டால் ரெண்டரை. மோனிஷா பக்கத்து நாற்காலியில் இல்லை, தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று போனவள் வாசலருகே நின்று யாரோ பச்சை சுடிதார் போட்ட கல்லூரிப் பெண்ணிடம் பேசிக்கொண்டிருக்கிறாள், பேசட்டும், வீட்டில்தான் வாயைத் திறப்பதில்லை. மேடைக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகை. ஒவ்வொரு பாடத்துக்கும் நேராக மீதி எத்தனை இடம் என்று சாக்பீஸில் எழுதியிருக்கிறது, ஒரு குடும்பம் மேடையை விட்டு இறங்கியதும் பியூன் வந்து ஈரத்துணியால் ஒரு எண்ணை அழித்துவிட்டு ஒன்று குறைத்து எழுதுகிறார், கை கூசாமல் எழுதுகிறார், அவருக்கென்ன. கணினி அறிவியல் பத்தரை மணிக்கே பூஜ்யம். கணிதம் மூன்று. வணிகவியல் பதினெட்டு. வணிகவியல்தான் பி.காம் என்று காலையிலேயே கேட்டு உறுதி செய்துகொண்டாள். அவள் வேலை செய்யும் ஷூ கம்பெனியில் பி.காம் படித்த பெண்கள் மாடியில் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ஏசியில் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்கள் துப்பட்டாவில் தோல் ஒட்டுகிற சொல்யூஷன் வாடை கிடையாது, அவர்கள் ஒன்றுக்குப் போவதற்கு சூப்பர்வைசரிடம் டோக்கன் வாங்க வேண்டியதில்லை. பதினெட்டு. முப்பத்தேழு பேரில் பாதிப் பேர் அதையே கேட்டால் போச்சு. கேட்கமாட்டார்கள். ஏன் கேட்கமாட்டார்கள், அவர்களுக்கும் மாடியும் ஏசியும் தெரியாதா என்ன.

முன்வரிசையில் ஒருவர் திரும்பிப் பார்த்து, ஏம்மா, ஆம்பள யாரும் வரலியா என்று கேட்டார், கெட்ட மனிதராகத் தெரியவில்லை, வெற்றிலை போட்ட வாய். "நான் வந்திருக்கேனே" என்றாள். அவர் மறுபடி திரும்பவில்லை. புருஷன் பூங்காவனத்துக்கு இன்றைக்கு வண்டி ஓட்டம் இருந்தது, தோல் ஏற்றிக்கொண்டு போகிற லோடு ஆட்டோ, ஒருநாள் நிறுத்தினால் முதலாளி வேறு ஆளைப் போட்டுவிடுவார், அது உண்மைதான், ஆனால் அது மட்டும் உண்மையில்லை. அவருக்கு அண்ணனை எதிர்த்து ஒரு இடத்தில் நிற்கத் தெரியாது. அண்ணன் சொல்றதும் சரிதானே சம்பூர்ணம், நம்ம நல்லதுக்குத்தானே சொல்றாரு. ராத்திரி சாப்பிட்டுக்கொண்டே தட்டைப் பார்த்துச் சொன்னார், காலையில் பல் விளக்கிக்கொண்டே சுவரைப் பார்த்துச் சொன்னார், அவள் முகத்தைப் பார்த்து ஒருதரம்கூடச் சொல்லவில்லை. அந்த அண்ணன், மச்சாண்டார் ஏகாம்பரம், அப்படியில்லை, முகத்தைப் பார்த்துத்தான் பேசுவார், நடுக்கூடத்தில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து பேசுவார். கவர்மெண்ட் காலேஜுல இன்னாம்மா கீது, வாத்தியார் கீறாரா, பெஞ்சு கீதா, அங்க படிச்சிட்டு வந்து உன்னோட ஷூ தைக்கப்போறாளா. அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். அதற்குப் பதில் அப்போது வரவில்லை, பாத்திரம் கழுவும்போது வந்தது, பஸ்ஸில் வந்தது, இப்போது இந்த மின்விசிறிக்குக் கீழேயும் வந்துகொண்டே இருக்கிறது, நான் தைச்ச ஷூவுலதான் மாமா உங்க பேரன் ஸ்கூலுக்குப் போறான், பாதி விலைக்கு வாங்கிக் குடுத்தவ நான்தான். சொல்லியிருக்கலாம். சொல்லாதது நல்லதுக்கு. இல்லை, சொல்லியிருக்க வேண்டும்.

அவள் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு இங்கே வந்து உட்காரவில்லை. மே மாதம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் அலைந்தாள். வாசலில் நீரூற்று வைத்த கல்லூரி ஒன்று, உள்ளே நுழைந்ததும் கப்பும் சாசருமாக டீ கொடுத்தார்கள், கோட்டுப் போட்ட ஒரு பெண் கையில் பெரிய போனை வைத்துக்கொண்டு இந்தக் கட்டடம் நூலகம், அந்தக் கட்டடம் உணவகம் என்று காட்டிக்கொண்டே போனாள். "மூணு வருஷத்துக்கும் சேர்த்து எவ்ளோ ஆகும்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க" என்று சம்பூர்ணம் கேட்டாள். முதல் வருஷத்துக்கு மட்டும் சொல்றேங்க மேடம், அப்புறத்தை அப்புறம் பாத்துக்கலாம் என்றாள் அந்தப் பெண். எழுதமாட்டேன் என்பதைத்தான் அப்படிச் சொல்கிறாள் என்று புரிந்ததும் சம்பூர்ணம் டீயை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டாள். இன்னொரு கல்லூரி நல்ல கல்லூரிதான், பழைய கல்லூரி, கட்டணமும் பரவாயில்லை, ஆனால் அறுபது கிலோமீட்டர், ஹாஸ்டலில் சேர்க்காமல் முடியாது. கடைசியில் பிரவுசிங் சென்டர்காரர்தான் சொன்னார், அக்கா, அரசுக் கல்லூரிக்குப் போட்டு வெச்சிடலாம், அரசுப் பள்ளிக்கூடத்துல படிச்ச பொண்ணுக்கு மாசாமாசம் ஆயிரம் வேற வரும், நம்ம ஊர்லேர்ந்து பஸ்ஸும் ஓசி. அவர் சொன்ன தொகையைக் கேட்டு அவள் ஒரு மாசத்துக்கா என்று கேட்டாள். வருஷத்துக்குக்கா என்றார். அவ்வளவு குறைவாக இருந்ததுதான் அவளைப் பயமுறுத்தியது. விலை குறைந்த ஷூ எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும், ரெண்டு மழைக்கு அடி பிளந்துகொள்ளும். ஆனால் எழுபது யூரோ ஷூவும் முந்நூறு ரூபாய்க்கு வாசலில் விற்கிற ஷூவும் ஒரே கையால், ஒரே மிஷினில் தைத்தது என்பதும் அவளுக்குத்தான் தெரியும். எது இந்தக் கல்லூரி. அதுவா, இதுவா. சுவரில் சுண்ணாம்பு உரிந்திருக்கிறது. கக்கூஸில் தண்ணீர் வருகிறது, காலையிலேயே போய்த் திறந்து பார்த்துவிட்டாள்.

அதற்கு நடுவில்தான் மச்சாண்டார், வெளியூர்க் கல்லூரிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிற அந்த ஜெயசீலனைக் கூட்டிவந்தார். பெங்களூரில் நர்சிங், முதல் வருஷம் ஃப்ரீ, சாப்பாடு ஃப்ரீ, படிச்சு முடிச்சா ஜெர்மனி. ஜெர்மனி என்றதும் பூங்காவனம் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவள் வேலைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம் மோனிஷாவின் டி.சி, மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ் மூன்றும் ஒரிஜினலாக ஜெயசீலனுடைய பீரோவுக்குப் போய்விட்டன, சீட்டைப் பிடித்துவைக்க. மறுநாள் தையல் வரிசையில் அடுத்த மிஷினில் உட்காரும் ஷாகிராவிடம் சொன்னபோது ஷாகிரா காலைப் பெடலிலிருந்து எடுத்துவிட்டாள். அவளுடைய அக்கா மகள் அப்படித்தான் போனாள். ரெண்டாம் வருஷம் ஒன்றரை லட்சம் கேட்டார்கள், கட்ட முடியவில்லை, ஒரிஜினலைத் தரமாட்டோம் என்றார்கள், பெண் வெறுங்கையோடு வந்து இப்போது இதே கம்பெனியில் பேக்கிங்கில் நிற்கிறாள். "போய் வாங்கு சம்பூர்ணம். இன்னிக்கே போ. அழாத, அழுதா தரமாட்டான்" என்றாள் ஷாகிரா.

அவள் அழவில்லை. பஜாரில் செல்போன் கடைக்கு மேல் மாடியில் ஆபீஸ். சார் வெளியூர் போயிருக்காருங்க என்றது மேசைப் பெண். வாசலில் ஒரு பழுப்பு நிற ஷூ கிடந்தது, அது எந்தக் கம்பெனியில் தைத்தது, பக்கத் தையல் சரியாக ஓடவில்லை என்று எந்த மாதம் குறைச் சரக்கில் தள்ளியது என்பதுகூட அவளுக்குத் தெரியும், முந்தாநாள் வீட்டுக்கு வந்தபோது அது ஜெயசீலன் காலில் இருந்தது. "ஷூவை வுட்டுட்டு வெறுங்காலோடவா வெளியூர் போனாரு?" என்று கேட்டாள். ஜெயசீலன் உள்ளறையிலிருந்து சிரித்துக்கொண்டே வந்தான். அக்கா, சீட்டு புக் ஆயிடுச்சுக்கா, இப்போ கேன்சல் பண்ணணும்னா நீங்கதான் பணம் கட்டணும். எதுக்குக் கட்டணும் என்றாள். புரியாம பேசாதீங்கக்கா, உங்க மச்சாண்டார்கிட்ட கேளுங்க, அவருக்குச் சேர வேண்டியதுகூடச் சேர்த்தாச்சு. சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். அவருக்குச் சேர வேண்டியது. அந்த வார்த்தை காதில் விழுந்த இடத்திலேயே இன்னும் கிடக்கிறது. அவள் அப்போது ஒன்றும் கேட்கவில்லை, வருகிறவர்களுக்குப் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள், அவ்வளவுதான். முதலில் ஒரு தாயும் மகளும் வந்தார்கள். எம் பொண்ணு சர்டிபிகேட்டை வாங்கி வெச்சிகினு தரமாட்டேன்றாருங்க, அதான் உட்கார்ந்திருக்கேன் என்று அவர்களிடம் சொன்னாள், சண்டைக் குரலில் இல்லை, பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற குரலில். அவர்கள் போய்விட்டார்கள். அடுத்து ஒரு அப்பா. அவரிடமும் சொன்னாள். மூன்றாவதாக யாரோ புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொண்டே மாடிப்படி ஏறிவரும் சத்தம் கேட்டபோதே ஜெயசீலன் பீரோவைத் திறந்து ஃபைலை எடுத்து மேசைமேல் எறிந்துவிட்டான். அவள் ஒவ்வொரு தாளாக எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, ஒரிஜினல்தானா என்று பார்த்த பிறகுதான் எழுந்தாள்.

நூற்று அறுபத்தொன்று முதல் நூற்று எழுபது. வணிகவியல் பத்து. கணிதம் போய்விட்டது. மோனிஷா இன்னும் அந்தப் பச்சை சுடிதாரோடுதான், இப்போது ரெண்டு பேரும் ஏதோ தாளைப் பார்க்கிறார்கள். அவருக்குச் சேர வேண்டியது. பூங்காவனத்திடம் இன்னும் சொல்லவில்லை. ரெண்டு நாளாகச் சொல்லவில்லை. அண்ணன் கமிஷன் வாங்கிக்கொண்டு நம் பெண்ணை அனுப்பப் பார்த்தார் என்று எப்படிச் சொல்வது, அவர் நம்பமாட்டார், நம்பினாலும் உடைந்துபோவார், அப்பா செத்தபோது பன்னிரண்டு வயசுப் பூங்காவனத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு சுடுகாட்டிலிருந்து வந்தவர் அந்த அண்ணன், அதைப் பூங்காவனம் வருஷத்துக்கு ஒருமுறையாவது சொல்வார். சொல்லாமலே விட்டால் என்ன. அப்புறம் இந்தக் கல்லூரியில் ஏதாவது ஒன்று தவறிப்போனால், பெண்ணுக்கு வேலை கிடைக்காமல் போனால், ஜென்மம் முழுக்க நீதானே புடுங்கினு வந்த என்று அந்த நடுக்கூடத்தில் கால்மேல் கால் போட்டு அவர் கேட்பார். கேட்கட்டும். கேட்டால் என்ன சொல்வாள். ஜெர்மனிக்குப் போயிருப்பாளோ. நிஜமாகவே சில பேர் போயிருக்கிறார்களே, தெருக்கோடி வீட்டுப் பெண் போகவில்லையா, அது வேறு ஆள், வேறு கல்லூரி, ஆனாலும் போனாள்தானே. காலையில் ரெண்டு இட்லி சாப்பிட்டதோடு சரி. இந்த நினைப்பைப் போய் யாரிடம் சொல்வது, அந்த நாற்காலியில் வீம்பாக உட்கார்ந்து ஃபைலை வாங்கி வந்துவிட்டு, இப்போது இங்கே உட்கார்ந்து, நான் செய்தது சரியா என்று.

போன் அதிர்ந்தது. மச்சாண்டார். காலையிலிருந்து நான்காவது தடவை. மூன்று தடவை துண்டித்துவிட்டாள். இந்தமுறை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு கூடத்துக்கு வெளியே வந்தாள்.

"எங்க கீற?"

"காலேஜுல மாமா."

"அந்த ஜெயசீலன் ஆபீஸுல நாலு பேர் மத்தியில எம் மானத்தை வாங்கிட்டு இப்போ காலேஜுல போய் குந்திகினு கீறியா? பொம்பள புத்தி. அந்தப் பொண்ணு வாழ்க்கையை நாசம் பண்ணிட்டுத்தான் அடங்குவ நீ."

"மாமா, அவன் உங்களுக்கு எவ்ளோ குடுத்தான்?"

அந்தப் பக்கம் டி.வியில் யாரோ பாடிக்கொண்டிருந்த சத்தம் சட்டென்று குறைந்தது.

"யாரு சொன்னது?"

"அவனேதான் சொன்னான்."

"அது வேற கணக்கும்மா. அதெல்லாம் உனக்குப் புரியாது."

"அதைத் திருப்பிக் குடுத்துடுங்க. எம் பொண்ணு அங்க போகல."

துண்டித்தாள். குரல் நடுங்கவில்லை, அது போதும். வராந்தாத் தூணில் சாய்ந்து நின்றாள். சொல்லியாயிற்று. இனி அந்தக் குடும்பத்தில் பொங்கலுக்கு யார் வீட்டுக்கு யார் போவது, நாத்தனார் பெண் கல்யாணத்தில் எந்த வரிசையில் நிற்பது. நிற்காவிட்டால் போகிறது. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, பூங்காவனம் கூப்பிட்டார், பின்னால் லாரி ஹாரன். அண்ணன்கிட்ட இன்னா சொன்ன, அவரு கத்துறாரு. ஒளிக்காமல் சொன்னாள், ரெண்டு நாளாக நெஞ்சில் வைத்திருந்ததை ரெண்டே வாக்கியத்தில் சொன்னாள், சொல்ல அவ்வளவுதான் இருந்தது. அவர் வண்டியை ஓரம் கட்டுவது கேட்டது. பிறகு, "சாயந்திரம் நான் போய்ப் பேசிக்கிறேன். நீ அங்க வேலையைப் பாரு" என்றார். அதைச் சொன்ன குரல் அவளுக்குப் புதிது. போனை முந்தானையில் துடைத்துப் பைக்குள் போட்டாள்.

நூற்று எண்பத்தொன்று முதல் நூற்று தொண்ணூறு. மேடைப் படிக்கட்டில் வரிசையாக நின்றார்கள். வணிகவியல் நான்கு. முன்னால் ஆறு பேர். முதல் பையன் இயற்பியல். இரண்டாவது பெண் வணிகவியல், மூன்று. அடுத்தது தமிழ், அடுத்தது வேதியியல். நல்ல பிள்ளைகள். அடுத்தது வணிகவியல், ரெண்டு. சம்பூர்ணம் ஆறாவதாக நின்ற பையனின் முதுகை முறைத்துப் பார்த்தாள், தாவரவியல்னு சொல்லு, தாவரவியல்னு சொல்லு. அவன் வரலாறு என்றான். மோனிஷா வந்து பக்கத்தில் நின்றாள். மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட பேராசிரியர் சான்றிதழ்களைப் புரட்டிவிட்டு, கணக்குல நல்ல மார்க்கும்மா, என்ன பாடம் வேணும் என்றார்.

"பி.காம் சார்" என்றாள் சம்பூர்ணம்.

"இல்ல சார். புள்ளியியல்" என்றாள் மோனிஷா.

பேராசிரியர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு நிமிஷம் ஓரமா நின்னு பேசிட்டு வாங்க. சீக்கிரம்."

ஓரமென்றால் மேடைத் திரைச்சீலைக்குப் பக்கம், தூசி வாடை. அடுத்த எண்காரர்கள் மேசைக்கு நகர்ந்துவிட்டார்கள், ரெண்டு சீட்டு, ரெண்டே சீட்டு, இவர்கள் ஒன்றைக் கேட்டால். "இன்னாடி அது, புள்ளி? கோலத்துல வெக்கிறதா?" என்றாள் சம்பூர்ணம். மோனிஷா சிரிக்கவில்லை. "எனக்குக் கணக்குதாம்மா புடிக்கும். கணக்குல சீட்டு போயிடுச்சு. இது அதுக்குப் பக்கத்துப் பாடம். பச்சை சுடிதார் போட்ட அந்த அக்கா அதுலதான் மூணாம் வருஷம் படிக்குது. எல்லா கிளாஸுக்கும் வாத்தியார் கீறாங்களாம், மேல படிக்கணும்னாலும் இங்கயே படிக்கலாமாம்." வேலை? அதுக்கு வேலை இன்னா? "தெரியாது. பி.காமுக்கு மட்டும் நமக்குத் தெரியுமா?" மாடியும் கண்ணாடிக் கதவும் ஏசியும் சொல்யூஷன் வாடையில்லாத துப்பட்டாவும் ஒரே நொடியில் சரிந்தன, கோபம் காதுவரை ஏறியது, இந்த ஃபைலுக்காக நான் அந்த நாற்காலியில், இந்த ஒரு நாளுக்காக நான் அந்த வீட்டையே பகைத்துக்கொண்டு. "யாரைக் கேட்டு முடிவு பண்ண?" என்றாள். பல்லுக்குள்ளிருந்துதான் வந்தது.

"நீ யாரைக் கேட்டும்மா ஜெயசீலன் ஆபீஸுக்குப் போன?"

அறைந்திருப்பாள். கை பாதி எழும்பியும் விட்டது. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு மகள் இமைக்காமல் நின்றாள், பின்வாங்கவில்லை, முகவாய் மட்டும் லேசாக ஆடியது. பெங்களூருக்கு அனுப்பலாம் என்று மூன்று பேர் முடிவு செய்தார்கள், அனுப்பக்கூடாது என்று இவள் முடிவு செய்தாள், பி.காம் என்றும் இவளே முடிவு செய்தாள், இந்த ரெண்டு மாதத்தில் ஒரு ராத்திரியாவது, பக்கத்தில் படுத்திருந்த இந்தப் பெண்ணிடம், உனக்கு என்னடி படிக்கணும் என்று. கேட்கவில்லை. நீரூற்றுக் கல்லூரியில் கேள்வி கேட்டாள், பிரவுசிங் சென்டரில் கேட்டாள், பியூனிடம் கேட்டாள், கக்கூஸ் கதவைத் திறந்து பார்த்தாள். பயம் போகவில்லை, அது அங்கேயேதான் இருந்தது, வயிற்றில், இட்லிக்கும் கீழே. எழும்பிய கையால் மகளின் தோளிலிருந்து நழுவிய துப்பட்டாவை இழுத்துப் போட்டாள்.

மேசைக்கு வந்து, "அவ சொன்னதையே எழுதுங்க சார்" என்றாள்.

"நல்லா யோசிச்சிட்டீங்களா? பி.காம் இன்னும் ஒண்ணு இருக்கு. அப்புறம் வந்து மாத்திக் கேட்டா முடியாது."

"மாத்த மாட்டோம் சார்."

பணம் கட்டுகிற வரிசை வராந்தாவில் வளைந்து சைக்கிள் நிறுத்துமிடம் வரை போயிருந்தது. வெயில் காலைச் சுட்டது. மோனிஷா அம்மாவின் கையிலிருந்து ஃபைலை வாங்கித் தானே வைத்துக்கொண்டாள். பின்னால் நின்ற அம்மாள் ஒருத்தி, பொழுது போக வேண்டுமே, உங்க பொண்ணுக்கு என்ன குரூப்புங்க கெடச்சுது என்று கேட்டாள். சம்பூர்ணம் புல்லியல் என்றாள், சரியாக வரவில்லை, புள்ளியல் என்றாள். புள்ளியியல்மா என்று மோனிஷா மெதுவாகத் திருத்தினாள். "புள்ளியியல்" என்றாள் சம்பூர்ணம்.

"அது படிச்சா இன்னா வேலைங்க கெடைக்கும்?"

முன்னால் நின்ற ரெண்டு மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள், அவர்களுக்கும் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது போல.

"எனக்குத் தெரியாதுங்க" என்றாள் சம்பூர்ணம், வராந்தா முழுக்கக் கேட்கும்படி. "அவ படிச்சிட்டு வந்து சொல்லுவா."